ஹெபடைட்டிஸ் சி-க்குப் பெக்இன்டர்ஃபெரான் ஊசி: தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் அண்ணனுக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. மாத்திரையிலேயே குணமாக்கும் புது மருந்துகள் கைக்கு எட்டாத நேரத்தில் அவருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தது. வாராவாரம் பெக்இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. ஊசி போட்டதும், ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்ததும், மருந்துக்கு அலைந்ததும் நான். மருத்துவர் எவ்வளவு பொறுமையானவராக இருந்தாலும் ஒரு சந்திப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் கேள்விகள் வரிசையாகக் கிளம்பும். அப்படிக் கிளம்பிய கேள்விகளுக்கு அலைந்து திரிந்து நான் சேர்த்த பதில்களை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஊசி குத்துவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது சில வாரங்களில் பழகிவிடும். பெரிய ஆபத்துகள் வருவது நேரத்துக்கு எடுக்காமல் விட்ட ரத்தப் பரிசோதனையாலும், வெறும் அசதி என்று ஒதுக்கிவிட்ட மனச்சோர்வாலும்தான். அந்த இரண்டு பகுதிகளையும் அவசரமில்லாமல் படியுங்கள்.

கீழே வரும் அளவுகள் மருந்தோடு வரும் தகவல் தாள்களில் காணப்படும் பொதுவான அளவுகள். உங்களுக்கான அளவு உங்கள் மருந்துச் சீட்டில் இருப்பது மட்டுமே.

1. ஊசிதான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

இன்றைக்கு ஹெபடைட்டிஸ் சி-க்கு முதல் தேர்வு மாத்திரைதான். சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம். கிளெகாப்ரெவிர்–பிப்ரென்டாஸ்விர் பலருக்கு 8 வாரமே போதும். நூறு பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள், பக்கவிளைவும் குறைவு. இன்டர்ஃபெரான் சிகிச்சையில் ஜீனோடைப் (கிருமியின் மரபு வகை) 1 உள்ளவர்களில் பாதிப் பேருக்குக் குணமானாலே நல்ல பலன் என்றார்கள். ஜீனோடைப் 2, 3 உள்ளவர்களுக்கு அதைவிட மேல்.

எனவே யாராவது உங்களுக்கு ஊசியை எழுதிக் கொடுத்தால், 'எனக்கு மாத்திரை ஏன் கிடையாது?' என்று நேராகக் கேளுங்கள். விலைதான் காரணம் என்றால் ஜெனரிக் மாத்திரை, அரசுத் திட்டம், காப்பீடு, தயாரிப்பு நிறுவனத்தின் உதவித் திட்டம் என எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு ஊசிக்குச் சம்மதியுங்கள். வேறு மருத்துவக் காரணம் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி இன்னொரு கல்லீரல் மருத்துவரிடமும் காட்டுங்கள். இதற்காக மருத்துவர் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். மாதக்கணக்கில் உடம்பை வாட்டும் சிகிச்சை இது, கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஹெபடைட்டிஸ் பி, டி நோய்களுக்கும் இதே ஊசி பயன்படுகிறது. ஊசியைக் கையாளும் முறை அவர்களுக்கும் பொருந்தும். சிகிச்சைக் காலமும் ரிபாவிரின் பற்றி நான் சொல்வதும் பொருந்தாது.

2. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்:

- வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி, மனக்குழப்பம் போன்றவை வந்துபோன முற்றிய கல்லீரல் சுருக்கம்
- தன்னெதிர்ப்பு நோய்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குபவை). தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி இருந்தால் இந்த ஊசியே கூடாது
- கடுமையான மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, மனநலச் சிகிச்சை. பல வருடத்துக்கு முன்னால் நடந்ததாக இருந்தாலும் சொல்ல வேண்டும்
- இதய நோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு, வலிப்பு
- மாற்றுச் சிறுநீரகம் அல்லது வேறு உறுப்பு பொருத்தப்பட்டவர்கள்
- தலசீமியா, அரிவாளணு நோய், சிறுநீரகச் செயல்பாடு குறைந்த நிலை. இவற்றில் ரிபாவிரின் ஆபத்து

மனநல விஷயத்தைப் பலரும் மறைக்கிறார்கள். சொன்னால் மருந்து தரமாட்டார்களோ என்ற பயம். சொன்னால் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், மனநல மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சையைத் திட்டமிடுவார்கள். மறைத்தால், நிலைமை மோசமாகும்போது கவனிக்க ஆள் இருக்காது.

கர்ப்பம் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ரிபாவிரின் கருவைச் சிதைக்கும், குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு உண்டாக்கும். மருந்து எடுப்பவர் ஆணாக இருந்தாலும் அவர் மனைவி கர்ப்பமாக இருக்கக் கூடாது. சிகிச்சைக் காலம் முழுக்கவும், முடிந்த பிறகு குறைந்தது 6 மாதமும் நம்பகமான கருத்தடை வேண்டும். பெண்களுக்கு 9 மாதம் என்று போட்ட தகவல் தாள்களும் உண்டு. உங்கள் தாளில் இருப்பது எதுவோ அதை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பெண்களுக்கு மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு.

இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், போதைப்பழக்கச் சிகிச்சைக்குத் தரும் மெதடோன், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின், சில எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவை இந்த ஜோடியோடு மோதும். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி, உடற்பயிற்சிக்காரர்கள் சாப்பிடும் சத்துமாவு எல்லாமே பட்டியலில் இருக்கட்டும். மது அடியோடு கூடாது.

3. கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள்

கெட்டி அட்டைக் கோப்பு ஒன்று வாங்கித் தேதி வாரியாக அடுக்குங்கள். காப்பீடோ உதவித் திட்டமோ எதற்குப் போனாலும் இதே தாள்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், கைப்பேசியில் ஒரு படம்.

உள்ளே இருக்க வேண்டியவை: எச்.சி.வி. (ஹெபடைட்டிஸ் சி கிருமி) ஆர்.என்.ஏ. அளவு காட்டும் ரிப்போர்ட், ஜீனோடைப், முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் மற்றும் சிறுநீரகச் செயல்பாடு, டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) இருந்தால் அது, கண் மருத்துவரின் பரிசோதனைச் சீட்டு, வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஈ.சி.ஜி., பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. மேலே மருந்துச் சீட்டும், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வாரக் கணக்கு நான்கையும் சொல்லும் மருத்துவரின் கடிதமும் இருக்கட்டும்.

இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வது ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டில். 'ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்ற தாளை நீட்டினால் எந்த அலுவலகமும் ஏற்காது. ஆன்டிபாடி என்பது கிருமி ஒருமுறை உடம்புக்குள் வந்துபோனதற்கான அடையாளம் மட்டுமே. இப்போது கிருமி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். அதிலும் 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும் பரிசோதனை போதாது, எண்ணிக்கை தரும் பரிசோதனையாகக் கேட்டு எடுங்கள். அந்த முதல் எண் கையில் இல்லாவிட்டால் 12-வது வாரத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இருக்காது.

கண் பரிசோதனையை வீண் செலவு என்று தள்ள வேண்டாம். இந்த ஊசி சிலருக்கு விழித்திரையில் ரத்தக் கசிவை உண்டாக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

4. எதற்கெல்லாம் செலவு

மருந்தின் விலையை வாரக் கணக்கால் பெருக்கி, அதுதான் மொத்தச் செலவு என்று நினைத்துக்கொள்கிறோம். ஜீனோடைப் 1, 4-க்கு வழக்கமாக 48 வாரம், 2, 3-க்கு 24 வாரம். அதற்கு மேல் சேர்பவை: ரிபாவிரின், ரத்தப் பரிசோதனைகள், ஒவ்வொரு முறையும் தனியாகச் செலவு வைக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை, தைராய்டு, மருத்துவர் கட்டணம், பக்கவிளைவுகளுக்கான மருந்துகள். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தால் எரித்ரோபொய்ட்டின் ஊசியோ ரத்தமோ தேவைப்படலாம். வெள்ளணு குறைந்தால் சிலருக்கு ஃபில்கிராஸ்டிம் போடுவார்கள். இவை எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் பட்ஜெட்டே புரண்டுவிடும். அதனால் தனியே ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.

சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். உடலுழைப்பு வேலை செய்பவருக்குப் பல நாட்கள் வேலைக்குப் போக முடியாது. விடுப்பு எப்படி எடுப்பது என்பதைத் தொடங்குமுன்பே பேசி முடியுங்கள்.

காப்பீடு இருந்தால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பணம் தருவார்களா? பரிசோதனைகளுக்கும் தருவார்களா? அனுமதி எத்தனை வாரத்துக்கு, புதுப்பிக்க எந்த ரிப்போர்ட் வேண்டும்? பெரும்பாலும் 12-வது வார ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அனுமதி தருவார்கள். அந்த ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும். இடையில் ஒரு ஊசி தடைபடாமல் இருக்க, கையில் குறைந்தது இரண்டு வார மருந்து இருக்கும்போதே புதுப்பித்தல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

5. மருந்து வாங்கும்போது

பெக்இன்டர்ஃபெரானில் இரண்டு வகை. ஆல்ஃபா-2ஏ எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரே அளவு, வாரம் 180 மைக்ரோகிராம். ஆல்ஃபா-2பி உடல் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. மருத்துவர் சொல்லாமல் வகையையோ பிராண்டையோ மாற்றக் கூடாது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருந்து நிரப்பிய சிரிஞ்சுதான் வழக்கமாக வாங்குவோம். ஒருமுறை அது தீர்ந்துவிட்டது என்று கடையில் குப்பி மருந்தைக் கொடுத்து, 'எல்லாம் ஒன்றுதான், இதே அளவு போடுங்கள்' என்றார்கள். வீட்டில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிஞ்சில் 180 மைக்ரோகிராம் அரை மில்லிலிட்டரில் இருக்கிறது. குப்பியில் அதே 180 மைக்ரோகிராம் ஒரு மில்லிலிட்டரில் இருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி 'இதே அளவு' என்று குப்பியிலிருந்து அரை மில்லிலிட்டர் எடுத்திருந்தால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகே போட்டோம். வடிவம் மாறினால் மில்லிலிட்டரை நம்பாதீர்கள், மைக்ரோகிராமைப் பாருங்கள்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை: மருந்து ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரப்படுகிறதா, காலாவதி தேதி, பெட்டியின் முத்திரை, பேட்ச் எண். பில் கட்டாயம் வாங்குங்கள். அளவுக்கு மீறி மலிவாகக் கிடைக்கும் குளிர் மருந்தை வாங்காதீர்கள். வழியில் வெயிலில் கிடந்ததா, போலியா என்பது குப்பியைப் பார்த்தால் தெரியாது.

6. வீட்டில் வைத்திருப்பது

திரவ வடிவ மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல், அதன் அட்டைப் பெட்டியோடு வையுங்கள். வெளிச்சம் படக் கூடாது. கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடும் குலுக்கலும் படும். ஃப்ரீஸருக்குக் கீழே ஒட்டியும் வைக்காதீர்கள். உறைந்துபோன மருந்து உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. குலுக்கவும் கூடாது.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் தாங்கும். ஆல்ஃபா-2ஏ வெளியே 24 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. பவுடராக வரும் ஆல்ஃபா-2பி-யின் கதை வேறு. கலக்கும்வரை சாதாரண அறை வெப்பம் போதும், கலந்த பிறகு உடனே போட வேண்டும். பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்து, அதன்படி வையுங்கள்.

7. கிழமையும் நேரமும்

வாரத்தில் ஒரு கிழமை, ஒரு நேரம். அதை மாற்றாதீர்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரும். அடுத்த நாள் ஓய்வாக இருக்கும்படி கிழமையைத் தேர்ந்தெடுங்கள். இரவு படுக்கப் போகுமுன் போட்டால் பாதி அவஸ்தை தூக்கத்தில் கழிந்துவிடும். மருத்துவமனை மூடியிருக்கும் நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளில் முதல் ஊசியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் ஊசியை மருத்துவமனையில் செவிலியர் முன்னால் நீங்களே போடுங்கள். அவர் போட நீங்கள் பார்ப்பது போதாது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டு வரலாம்.

8. ஊசி போடும் முறை (மருந்து நிரப்பிய சிரிஞ்ச்)

1. சிரிஞ்சை வெளியே எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே ஒரு நிமிடம் போல மெதுவாக உருட்டுங்கள். குளிரோடு போட்டால் வலிக்கும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ வைக்கக் கூடாது.
2. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கலோ, துகளோ, நிற மாற்றமோ இருந்தால் போடாமல் கடையில் திருப்புங்கள்.
3. இடம்: தொடையின் முன்பக்கம் அல்லது வயிறு. தொப்புளைச் சுற்றி நான்கு விரல் அகலமும், பெல்ட் உரசும் இடமும் தவிருங்கள். போன வாரம் போட்ட இடத்தில் போடாதீர்கள். சிவந்த, கன்றிய, தடித்த தோலிலும் கூடாது.
4. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். ஊதக் கூடாது. ஈரத்தோடு குத்தினால் எரியும்.
5. ஊசியைப் பொருத்தி மூடியை நேராக இழுங்கள். ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, லேசாகத் தட்டிக் காற்றுக் குமிழை மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். அளவைக் குறைத்து எழுதியிருந்தால், சிரிஞ்சில் உள்ள 135 அல்லது 90 கோடு வரை மிகுதி மருந்தை முதலிலேயே வெளியேற்றிவிடுங்கள்.
6. தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடியுங்கள். 45 முதல் 90 டிகிரிச் சாய்வில் ஒரே சீராக உள்ளே செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலி.
7. பிஸ்டனை மெதுவாகக் கடைசிவரை அழுத்தி, அதே கோணத்தில் வெளியே எடுங்கள். பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்காதீர்கள்.
8. மூடியைத் திரும்பப் போடாமல், சிரிஞ்சோடு அப்படியே ஊசிப் பெட்டிக்குள் போடுங்கள்.
9. குறிப்பேட்டில் தேதி, இடம் (இடது தொடை, வலது வயிறு என்று), அளவு, பேட்ச் எண் எழுதுங்கள்.

பேனா வடிவில் வருவதற்கு அழுத்தும் முறை வேறு. தகவல் தாளில் சொன்ன நேரம் முடியும்வரை தோலிலிருந்து எடுக்கக் கூடாது. எந்த வடிவமானாலும் ஒரு முறைக்குத்தான். குப்பியில் மீதி இருக்கிறதே என்று அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஊசிப் பெட்டிக்குத் தனிச் செலவு தேவையில்லை. திருகு மூடி போட்ட, ஊசி துளைக்காத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா போதும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி ஒட்டி மருத்துவமனையில் ஒப்படையுங்கள். குப்பை அள்ளுபவர் கையில் அந்த ஊசி ஏறினால் அவருக்கும் இதே நோய் வரலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. உடனிருப்பவர் ஊசி போடுவதானால் கையுறை அணியுங்கள். தவறிக் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

9. அடுத்த இரண்டு நாட்கள், ரிபாவிரின், தவறிய ஊசி

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தருவார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வரை என்று எழுதி வாங்குங்கள். கல்லீரல் நோயாளிக்குப் பல மருத்துவர்கள் வைக்கும் வரம்பு 2 கிராம். கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை, குறிப்பாகக் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், கேட்காமல் எடுக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

முதல் சில ஊசிகளுக்குப் பிறகு காய்ச்சல் பெரும்பாலும் தணியும். அசதி, தூக்கமின்மை, நாவறட்சி, அரிப்பு, முடி கொட்டுதல், எடை குறைதல் ஆகியவை நீடிக்கலாம். முடி சிகிச்சை முடிந்ததும் திரும்ப வளரும்.

ரிபாவிரினைச் சாப்பாட்டோடு, காலையிலும் இரவிலும் பிரித்து எடுக்க வேண்டும். ஜீனோடைப் 1-க்கு 75 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி., அதற்கு மேற்பட்டவர்களுக்கு 1,200 மி.கி.; 2, 3-க்கு 800 மி.கி. என்பது வழக்கமான அளவு. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

ஊசி போட மறந்து, இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் (ஆல்ஃபா-2ஏ) உடனே போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான கிழமையில் போடலாம். இரண்டு நாள் தாண்டிவிட்டால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடவே கூடாது.

10. ரத்தப் பரிசோதனைக் காலண்டர்

தொடங்குமுன் ஒருமுறை, 2-வது வாரம், 4-வது வாரம், பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கை. கல்லீரல் செயல்பாடு 4-வது வாரத்திலும் பின்னர் இடையிடையேயும். டி.எஸ்.எச். 12 வாரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் அடிக்கடி கேட்டால் அவர் கணக்குதான்.

2-வது வாரப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும், அது முதல் இரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். 'இப்போதுதானே ஆரம்பித்தோம், மாதக் கடைசியில் பார்க்கலாம்' என்று விட்டால், இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம்.

ரத்தம் கொடுக்கும் நாளை அடுத்த ஊசிக்கு ஓரிரு நாள் முன்னதாக வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஊசி என்றால் புதன் காலை ரத்தம், வியாழன் ரிப்போர்ட், அதை மருத்துவருக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகு ஊசி. ஊசியைப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளே போன மருந்து ஒரு வாரம் உடம்பில் இருக்கும்.

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது மூன்று எண்கள். ஆல்ஃபா-2ஏ-க்கான தகவல் தாள் சொல்லும் எல்லைகள் இவை:

- நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு): 750-க்குக் கீழே போனால் ஊசி அளவு குறைக்கப்படும், 500-க்குக் கீழே நிறுத்தப்படும்
- தட்டணுக்கள்: 50,000-க்குக் கீழே அளவு குறையும், 25,000-க்குக் கீழே நிறுத்தம்
- ஹீமோகுளோபின்: 10-க்குக் கீழே ரிபாவிரின் குறைப்பு, 8.5-க்குக் கீழே நிறுத்தம். இதய நோயாளிக்கு நான்கு வாரத்தில் 2 புள்ளி இறங்கினாலே குறைப்பார்கள்

இந்த எண்களை வைத்து நீங்களே அளவை மாற்றச் சொல்லவில்லை. எண் இந்தப் பக்கம் சாய்வதைக் கண்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்வதற்காக எழுதுகிறேன். நியூட்ரோஃபில் மொத்த எண்ணிக்கையாக இல்லாமல் சதவீதமாக மட்டும் வந்தால், மொத்த வெள்ளணுவை அந்தச் சதவீதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 2,000, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் 800.

ஆர்.என்.ஏ. பரிசோதனை 4, 12, 24-வது வாரங்களிலும் சிகிச்சை முடிவிலும். ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். 12-வது வாரத்தில் கிருமி எண்ணிக்கை நூறில் ஒரு பங்காகவாவது குறைந்திருக்க வேண்டும், 20 லட்சம் இருந்தது 20 ஆயிரத்துக்கு. குறையாவிட்டால் தொடர்ந்தும் பலன் கிடைக்காது என்பதால் நிறுத்திவிடுவார்கள். 24-வது வாரத்திலும் கிருமி தென்பட்டால் அப்போதும் நிறுத்திவிடுவார்கள். அது மனசுக்குக் கஷ்டமான நாள்தான். ஆனால் பலன் தராத மருந்தில் உடம்பை மேலும் வாட்டுவதை விட, மாத்திரை வழியைத் தேட அந்த வாரங்கள் மிச்சமாகும்.

ரிப்போர்ட்டின் சொற்களையும் கூர்ந்து படியுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்பதும் 'அளவிடும் வரம்புக்குக் கீழே' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கிருமி கொஞ்சம் இருக்கலாம்.

11. மனநிலையைக் கவனிக்க ஒருவர்

இந்தப் பகுதியை உடனிருப்பவருக்காக எழுதுகிறேன். மூன்றாம் மாதவாக்கில் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்டால் 'அசதியா இருக்கும்மா' என்பார். தினமும் காலையில் முகச்சவரம் செய்யாமல் வாசலைத் தாண்டாதவர், அதை விட்டுவிட்டார். இரவெல்லாம் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தார். அவருக்கு இது எதுவும் நோயாகவே தெரியவில்லை. மருத்துவரிடம் நான்தான் சொன்னேன். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள், மாத்திரை தொடங்கினார்கள், சில வாரத்தில் முகம் தெளிந்தது. ஊசியும் நிற்கவில்லை.

இன்டர்ஃபெரானுக்கு மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டும் குணம் உண்டு. முன்பு மனநோயே இல்லாதவருக்கும் வரும். இது நோயாளியின் கோழைத்தனமோ குணக்கேடோ இல்லை. தொடங்கும்போதே வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தூக்கம், சாப்பாடு, கோபம், பேச்சு நான்கையும் வாரம் ஒருமுறை குறிப்பேட்டில் ஒரு வரி எழுதட்டும். மருத்துவரிடம் போகும்போது அவரும் கூடப் போகட்டும். 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற மாதிரிப் பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், தனியே விடாதீர்கள். கடைசி ஊசிக்குப் பிறகு 6 மாதம் வரை இந்தக் கவனம் தேவை.

12. அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரெனப் பார்வை மங்குதல், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத வயிற்றுவலி, முகம் வீங்குதல் அல்லது உடம்பெங்கும் தடிப்பு, கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், குழப்பமான பேச்சு, காரணமில்லாத ரத்தக் கசிவு: இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவு. ஊசி போட்ட இரண்டு நாள் கழித்தும் விடாத காய்ச்சல், அல்லது ஊசி போடாத நாளில் குளிரோடு வரும் காய்ச்சல் என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம். வெள்ளணு குறைந்தவருக்கு அது வேகமாகப் பரவும். 'இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன்' என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

13. பயணம்

மருந்தைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம். ஐஸ் பை மருந்தை நேராகத் தொடாமல் இடையில் துணி சுற்றுங்கள். மருத்துவரின் கடிதமும் மருந்துக்கடை ஒட்டிய பெயர்ச் சீட்டும் இருந்தால் சோதனையில் சிரிஞ்சுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். சிறு ஊசிப் பெட்டியும் கூட வரட்டும்.

14. கடைசி ஊசிக்குப் பிறகு

கடைசி ஊசியன்று ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று வந்தாலும் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தச் சிகிச்சையில் 24 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. எடுத்து, அப்போதும் இல்லை என்றால்தான் குணம். பலர் இந்தப் பரிசோதனையை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். கடைசி ஊசியன்றே அந்தத் தேதியைக் கணக்கிட்டுக் குறித்து, அதற்கான பணத்தையும் எடுத்து வையுங்கள். கருத்தடைக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

குணமான பிறகும் ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்றே வரும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ அறுவை சிகிச்சைக்கு முன்போ அதைப் பார்த்துப் பதறுவார்கள். சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரப்படுத்தி, நகலை எப்போதும் கையில் வையுங்கள். ரத்த தானம் மட்டும் செய்யக் கூடாது. ஒருமுறை குணமானது மறுபடி தொற்றாமல் காக்காது. அதனால் சவரக் கத்தி, பல்துலக்கி, ஊசி எதையும் பகிர வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகள் போட்டிருக்கிறதா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே இருந்தவர்கள், கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர அடியோடு போகாது. அடுத்த ஸ்கேன் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.